ஐவியின் பெயர்

இந்தக் காலத்தில் யாருக்குமே பொறுமை கிடையாது. அதுதான் ரெய்னோவின் கட்சி.

பேத்திக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. மூக்கைச் சிந்தத் தெரியாது. பூட்ஸைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறது. அதைப் பிடித்து உட்கார்த்தி வைத்து, ஓட்ஸ் கஞ்சி ஆறுவதற்குள் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள் அவர் மகள் ஹெய்டி. தினமும்.

"பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அங்க வாத்தியாருங்க தூங்கறதுக்கா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எட்டாவதோட மரம் வெட்டப் போன ஆளு நீ. பேசாம காபியக் குடிப்பா."

பேசாமல் குடித்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் தபால் எடுக்கக் கிளம்பும்போது குழந்தையும் ஒட்டிக்கொண்டது. தனியாகப் போவதுதான் அவர் வழக்கம். ஹெய்டிதான், கூட்டிக்கிட்டுப் போயேன், கொஞ்சம் காத்து வாங்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மிச்சிகனின் வடகோடியில் பிப்ரவரிக் காற்றை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. முகத்திலேயே அடித்துவிட்டுப் போகும். வீட்டிலிருந்து சாலையோரத் தகரத் தபால் பெட்டி வரை கால் மைல். குழந்தை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது.

பெட்டிக்குள் முதலில் போனது அதன் கைதான்.

கடை விளம்பரத்தைக் கீழே போட்டது. வெள்ளை உறை ஒன்றை எடுத்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, உறையின் மேல் விரலை வைத்தது.

"கம்பம்," என்றது. "கவை. கவண்கட்டை."

ஹெய்டி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஐ என்றால் நேராக நிற்கும் கம்பம். வி கவை. ஒய் கவண்கட்டை. மூன்றும் சேர்ந்தால் ஐவி.

"தாத்தா! இது நான்! என் பேரு இது!"

யாரும் காட்டித்தராமல், வீட்டுக்கு வெளியே, அது தானாகப் படித்த முதல் சொல். ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு முகம் அப்படி மலர்ந்ததை ரெய்னோ எழுபத்துமூன்று வருடத்தில் கண்டதில்லை.

உறையின் மூலையில் சிறைச்சாலையின் சிவப்பு முத்திரை இருந்தது.

கையெழுத்து மருமகன் டிரெவருடையது. போதை மாத்திரை விற்று உள்ளே போனவன். அக்டோபரில் பார்க்கப் போன ஹெய்டி, இனிமேல் எனக்கு போன் பண்ணாதே, சொல்ல வேண்டியதை உட்கார்ந்து எழுது என்று கத்திவிட்டு வந்தாள். அவன் எழுதினான். ஒரு வாரம் அவளுக்கு, ஒரு வாரம் குழந்தைக்கு. வாரம் தவறவில்லை.

ஒன்றுகூட வீட்டுக்குள் போகவில்லை.

தபால் எடுப்பது ரெய்னோவின் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கொல்லைப்புறத்தில் சவுனா என்னும் ஆவிக்குளியல் அறையில் அடுப்பு மூட்டுவதும் அவர் வேலைதான். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த அடுப்பை வீட்டின் மூத்த ஆண்தான் தொடுவது. காய்ந்த மரப்பட்டையோடு பதினேழு உறைகள் அதற்குள் போயிருந்தன, பிரிக்கப்படாமலே. பிறகு மூவரும் அந்த ஆவியில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். "இன்னிக்கு நல்ல சூடுப்பா," என்பாள் ஹெய்டி. அவர் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவார். அவள் பக்கம் திரும்ப மாட்டார்.

காகிதத்தில் எவன் வேண்டுமானாலும் நல்லவனாகிவிடலாம். பெண் மறுபடி ஏமாறக் கூடாது, அவ்வளவுதான்.

"குடு இங்க," என்றார். "அது உன் பேரு இல்ல, கண்ணு."

"கம்பம் இருக்கு தாத்தா, கவை..."

"பார்க்க அப்படித்தான் இருக்கும். இது வேற யாரோ. நீ தப்பாப் படிச்சுட்ட."

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

உறையை ஒரு தடவை பார்த்தது. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தது. முகத்தை நம்பியது. உறையை நீட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டது. அவர் அதைக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

திரும்பி வரும் வழியில் ஒரு பேச்சும் இல்லை.

சமையலறை மேசையில் ஹெய்டி ஒரு தாளும் தடித்த சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "வா வா, உன் பேர இந்தத் தாள்ல எழுது."

நேற்று நாலு தடவை எழுதிய பெயர். இன்றைக்குப் பென்சில் அசையவில்லை.

ஹெய்டி தானே எழுதி, "இது யாரு? சொல்லு," என்றாள்.

குழந்தை தாளைப் பார்க்கவில்லை. ரெய்னோவைப் பார்த்தது.

"வேற யாரோ," என்றது, மெதுவாக.

ஹெய்டி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போய் விளையாடு என்று இறக்கிவிட்டாள்.

"நீ சொன்னதுதாம்பா சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

முப்பது வருடத்தில் அவள் அவரிடம் அப்படிச் சொன்னதேயில்லை.

"அப்படி என்னதான் அவசரம் உனக்கு?" என்றார் ரெய்னோ.

"நாலு மாசமா டிரெவர் ஒரு வரி எழுதல. எனக்கு எழுத வேண்டாம், போகட்டும். இவ தன் கையால பேரெழுதி அனுப்பினா, அதுக்காவது பதில் போடுவான்னு பார்த்தேன்." அவள் தாளை இரண்டாக மடித்தாள். "விடு. இனிமே அவனுக்காக யாரும் காத்துக்கிட்டிருக்க வேண்டாம்."

அவர் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். நாலு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தார்.

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்பத்தானே வந்த? எங்க போற?"

"விறகு பார்க்கணும்."

வெளியே பனி முழங்கால் வரை கிடந்தது. "மாத்திரை வித்தவன் மாத்திரை வித்தவன்தான்," என்றார், யாரிடம் என்றில்லாமல். போதவில்லை. இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. கோட்டுப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் யாரோ வந்து பறிக்கப் போவதைப் போலச் சவுனா அறையை நோக்கி வேகமாக நடந்தார்.