முகம் பார்த்துத் திறக்கும் போன்

பொன்னுரங்கம் ஒரு பச்சோந்தி. முகத்தைக் காட்டினால்தான் திறக்கும் போன் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினான். தன் பச்சை முகத்தைப் பதிவு செய்துவிட்டு, இனி தன் ரகசியம் எவன் கண்ணிலும் படாது என்று நிம்மதியாக வாலைச் சுருட்டிக்கொண்டான்.

மறுநாளே வேப்பமரத்து அஞ்சலையிடமிருந்து செய்தி வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவன் கேட்டிருந்ததற்குப் பதில் அது. அவள் பெயரைப் பார்த்ததுமே அவன் முகம் குப்பென்று சிவந்துவிட்டது.

"நீங்கள் யார்?" என்றது போன்.

"நான்தான்பா, பொன்னுரங்கம்."

"அவர் பச்சையாக இருப்பார்."

பொன்னுரங்கம் மூச்சை இழுத்துவிட்டு இலைகளை நினைத்தான். பச்சை வரும் நேரத்தில் அஞ்சலை நினைப்பு வந்து ஆரஞ்சாகிவிட்டான். பிறகு பயத்தில் மஞ்சளானான், கோபத்தில் கறுத்தான்.

"ஒருத்தர் போனைத் திறக்க இத்தனை பேரா? வெட்கமாக இல்லை?" என்று கேட்டுவிட்டுப் போன் பூட்டிக்கொண்டது.

பொன்னுரங்கம் அதைக் கிளையிலேயே போட்டுவிட்டு வேப்பமரத்துக்கு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அவன் உடம்பில் இல்லாத நிறமே இல்லை.

"அஞ்சலை, நான் யாருன்னு தெரியுதா?"

"நிறம் மாறினா அந்தத் திருட்டு முழி மாறிடுமா?" என்று சிரித்த அஞ்சலை, கிளையில் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.