புல் மட்டும் அசைந்த படம்

ராட்சத உடும்பு வரும் படம் என்றுதான் குணவதி சொந்தபந்தம் பதினொரு பேரைச் சிறப்புக் காட்சிக்கு இழுத்து வந்திருந்தாள். அந்த உடும்பின் ரப்பர் தோலுக்குள் நாற்பது நாள் தவழ்ந்தது அவள் கணவன் தணிகாசலம். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது உடும்பின் வால் நுனிகூடத் திரையில் வந்திருக்கவில்லை. புல் அசைந்தது, நாய் குரைத்தது, கதாநாயகி எதையோ வெறித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“என்ன அண்ணி, அண்ணன் புல்லா நடிச்சிருக்காரா?” என்று கொழுந்தன் காதைக் கடித்தான்.

இயக்குநர் ஆதிரன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். “மிருகத்தைக் காட்டினா அது வெறும் பொழுதுபோக்கு. அதனால எடிட்டிங்ல மொத்தமா தூக்கிட்டேன். ஏன்னா, மிருகம் நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் இருக்கு.” முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. ஒரு விமர்சகர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், மிருகத்துக்குள்ள இருந்தது என் வீட்டுக்காரரு!”

தணிகாசலம் அவள் முந்தானையை இழுத்தான். “உக்காருடி, அடுத்த படத்துக்கும் கூப்பிடுறேன்னிருக்காரு.”

“உங்களுக்குப் படம் புரியலைம்மா,” என்று ஆதிரன் கனிவாகச் சிரித்தார். “அவரோட இல்லாமைதான் இந்தப் படத்தோட உயிர்.”

“இல்லாமையா? இருங்க, காட்டுறேன்.” அவள் கணவனை எழுப்பி, மேடைக்கு முதுகைத் திருப்பி நிறுத்தி, சட்டையைத் தூக்கினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை உடும்புத் தோலின் ஜிப் பற்கள் பதிந்து, இன்னும் ஆறாமல் சீழ் கட்டி, தோல் உரிந்து கிடந்தது.

இரண்டு மணி நேரமாக எதற்குமே பயப்படாத அரங்கில் யாரோ “ஐயோ!” என்று அலறினார்கள்.