மயிலாத்தாளோட போட்டோ

மயிலாத்தான்னு ஒரு எருமை இருந்தா. போட்டோ புடிக்க ஆள் வர்றான்னதும் குளிச்சு, கொம்புக்கு எண்ணெய் தடவி நின்னா. அவ சித்தியும் இப்படித்தான், குளத்துல முகம் பாத்தே மேய மறந்தவ. அது வேற கதை. வந்தவன் முகத்தைப் பாக்கவே இல்ல, முதுகுகிட்ட போய் அந்தத் தோலை மட்டும் புடிச்சுட்டான்.

கறுப்பு வெள்ளைப் படத்தைத் தொழுவத்துல மாட்டுனாங்க.

"தண்ணி வத்துன ஏரி மாதிரில்ல இருக்கு. இதுல நீ எங்கக்கா நிக்கிற?"ன்னுச்சு ஆடு.

மயிலாத்தா படத்துகிட்ட மூக்கைக் கொண்டு போனா. "நான்தான்டி அது. யாருக்குமே தெரியலையா?"

அவ முதுகுல தினம் உண்ணி பொறுக்குற கொக்கு பறந்து வந்துச்சு. படத்தைப் பாத்ததும் ஒரு ஓரத்துல நறுக்குன்னு கொத்துச்சு.

"இந்த உண்ணி அன்னிக்கே தப்பிச்சுதுக்கா."

மயிலாத்தா முதுகைத் திருப்பிக் காட்டினா. "அங்கதான்டா இன்னும் அரிக்குது."