ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்

அண்ணனின் வலது கைக் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், இரண்டு விரல்கள் இனி மடங்குவது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தரி பிடிக்கிற கை.

தையல் கடையில் துணி வெட்டுவது அண்ணன், தைப்பது அவன். நாடகத்தில் அண்ணன் ராஜா, அவன் எதிரித் தளபதி.

அவன் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றான். உட்காரச் சொல்லி அண்ணியும் அலுத்துப்போனாள்.

நாடகம் போட்டவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ராஜா காலத்து வாளைத் தூக்கவே தனி பலம் வேண்டும் என்று நம்பியவர் அவர். ஒத்திகைக்கென்று, கேட் செய்கிற பட்டறையில் சொல்லிப் பட்டை இரும்பில் ஒன்று அடித்து வாங்கியிருந்தார். அதைத் தூக்கித் தூக்கி அவன் தோள் வீங்கிப்போனது. அவன் அதை ஓங்கி இறக்குவதற்குள் அண்ணன் சாவகாசமாக விலகி, மீசையையும் முறுக்கிக்கொள்வார்.

நாடகத்தன்றைக்கென்று நிஜ வாளை இரவல் கொடுத்தவரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பழைய சாமான்கள் சேர்க்கிறவர்.

"எல்லாரும் இருபது கிலோ, முப்பது கிலோன்னுதான் நினைச்சுக்கிறாங்க. அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சண்டைல விடாம வீசணுமே, தோள் கழண்டுடாதா? மழுங்கின வாள்தானேன்னு கொடுத்தேன். எடையைப் பத்திச் சொல்லணும்னு தோணவே இல்ல."

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள்.

"விடுங்க தம்பி. இரும்பைத் தூக்கிப் பழகின கை. நிஜ வாள் இவ்வளவு வேகமா இறங்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் அண்ணனின் கட்டுப் பிரித்த கையைப் பார்த்தான்.

மேடையில் அண்ணன் வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தார். பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரியாதவனுக்கு வாள் ஒரு கேடா என்று. வந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேர் கடைக்கு வாடிக்கை. சிரித்து உருண்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் வாளை ஓங்கி இறக்கிவிட்டான். அண்ணனுக்கு விலக நேரமில்லை. கையைத்தான் குறுக்கே வைக்க முடிந்தது.

"அவனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." அண்ணன் கண்ணைத் திறக்காமலே பேசினார். "மேடை ஏறினப்பதான் அந்த நிஜ வாளை முதல் தடவையா கையில எடுத்தான்."

நாடகம் போட்டவர் நீளமாக மூச்சு விட்டார். வாள்காரர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் இருவரும் விடைபெற, அண்ணி அவர்களை வழியனுப்ப வெளியே போனாள்.

"அண்ணா" என்றான் அவன்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேஷம் போடுகிற அறையில், நாடகத்துக்கு முன்னால், அந்த வாளின் பெட்டியைத் திறந்தது அண்ணன்தான். கூட இருந்தது அவன் மட்டும். அண்ணன் அதை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் நாலைந்து தடவை வீசிப் பார்த்தான்.

"பூ மாதிரி இருக்குடா" என்று அண்ணன் சிரித்தார். "மேடைல பாத்து வீசு."