பாறையப்பரின் ஒரே தொண்டன்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான கற்கள் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பாறையப்பர் என்ற சிறுகோளுக்கு மட்டும் தலைக்கனம் அதிகம். காரணம், சில்லு என்ற குட்டி நிலா ஒன்று அவரை ஓயாமல் வலம் வந்துகொண்டிருந்தது.

"சாமியையே மூணு சுத்து சுத்திட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. என் தொண்டன் என்னை விட்டு நகர்றானா பாருங்க!" என்று போகிற வருகிற கல்லிடமெல்லாம் அளப்பார்.

ஒருநாள் பெரிய சிறுகோள் ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. அதன் எதிரே தன் செல்வாக்கைக் காட்டிவிட வேண்டும் என்று பாறையப்பருக்கு ஆசை.

"டேய் சில்லு, சுத்தினது போதும். அப்படியே நின்னு, வந்திருக்கிற அண்ணனுக்கு ஒரு கும்பிடு போடு."

"நின்னா உங்க தலையிலதாண்ணே விழுவேன்," என்றது சில்லு. "விழாம இருக்கத்தான் இத்தனை காலமா ஓடிக்கிட்டிருக்கேன். நிக்கட்டுமா?"

பாறையப்பருக்கு உச்சந்தலை கூசியது. முன்பு ஒரு கல் விழுந்து போட்ட பள்ளம் அங்கே அப்படியே இருந்தது.

"வேணாம்டா ராஜா. ஓடு, ஓடு!"

அன்றிலிருந்து, "தம்பி, களைப்பா இருக்கா? ஏதும் குறை இருக்கா?" என்று சுற்றுக்குச் சுற்று விசாரிக்கிறார்.

பக்கத்துக் கற்கள் நெகிழ்ந்துபோய்ப் பேசிக்கொள்கின்றன: "தலைவர்னா இப்படி இருக்கணும்பா. தொண்டன் மேல என்ன பாசம்!"