மழைமானி

ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே தொழிலதிபர் டத்தோ லோகேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிடும். பினாங்கு ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில், கணினி முன் உட்கார்ந்திருந்த எஞ்சினியர் பிரமிளாவின் பக்கத்தில் நின்றபோதும் கலங்கியது.

“சுங்கை பாக்காப் எஸ்டேட்டுல வளந்தவன்மா நான். மழை பேஞ்ச மறுநாள் ஆத்துல மீனெல்லாம் செத்து மிதக்கும். பக்கத்து ஃபேக்டரி கழிவுதான்னு அப்பா புகார் குடுப்பாரு. ஆபீசருங்க வந்து தண்ணிய சோதிச்சிட்டு, ஒண்ணும் இல்லன்னு போயிருவாங்க.”

இந்தக் கதையை ஒரு மேடையில் கேட்டு உருகித்தான் சிங்கப்பூர் வேலையை உதறிவிட்டு அவரிடம் வேலைக்கு வந்தாள் பிரமிளா. அவள் அண்ணன் குகன் அதே ஆற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் மீன் வளர்க்கிறான். அந்தக் குளம் போனால் குடும்பமே போச்சு.

வந்து ஒரு வருடம் ஆகிறது. கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த காகிதம் டத்தோ மேசையில் தூங்குகிறது. அதே ஆற்றங்கரையில் இருக்கும் டத்தோவின் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டியோ கழுத்து வரை நிரம்பிவிட்டது.

டத்தோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொழிற்சாலைக் கூரையில் மழைமானி வேண்டும். அங்கே எவ்வளவு மழை என்பது இங்கே திரையில் தெரிய வேண்டும். தொட்டியின் வால்வும் இங்கிருந்தே இயங்க வேண்டும். மழையில் தொட்டி வழிந்துவிடுமோ என்று மனுஷன் பயப்படுகிறார் என நினைத்து, பாவம், ஓடி ஓடிச் செய்து கொடுத்தாள். அதற்கு ஒரு சுற்றுச்சூழல் விருதுகூடக் கிடைத்து, சுவரில் தொங்குகிறது.

இன்று மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது.

“எவ்ளோ பேஞ்சிருக்கு?”

“நாப்பது மில்லிமீட்டர், டத்தோ. வால்வ இறுக்கி மூடியாச்சு. இன்னிக்குத் தாங்கிரும், அடுத்த மழைக்குத் தாங்காது. அந்த மெஷினுக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

“மெஷின் எதுக்குலா?” டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க எஸ்டேட்டுப் பக்கத்து ஃபேக்டரிக்காரன் கழிவ மழையோட மழையா ஆத்துல விட்டுருவான். கடைசி வரைக்கும் அவன் மாட்டவே இல்ல, தெரியுமா?”

பிரமிளா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். திரையில் மழை ஐம்பதைத் தொட்டது. அண்ணன் இந்நேரம் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பான்.

டத்தோ குனிந்து திரையைப் பார்த்தார்.

“இந்த மழ போதும். வால்வத் தொறந்து விடும்மா.”