பதினொரு வருட ஆட்டம்

தொலைக்காட்சியில் ஒரு கறுப்பு வெள்ளைக் கோழி பியானோ வாசித்தது. அதற்கேற்ப ஒரு வீடு இடுப்பை வளைத்து ஆடியது. பத்மநாதனுக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளையள் பாக்கிற பழைய கார்ட்டூன்தானே. உதுக்கேன் இப்பிடி முழிக்கிறியள்?" என்றாள் மனைவி யோகமலர்.

"கார்ட்டூன்தான். ஆனா இது ஷிவ்கோவின்ரை வீடியோ ரேப்."

யோகமலர் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஐரோப்பாவிலும் இலங்கையிலும் பதிந்த ரேப்புகள், அதாவது வீடியோ நாடாக்கள், கனடா வீடியோ டெக்கில் ஓடாது. அவற்றை மாற்றிக் கொடுப்பதுதான் ஸ்காபரோவில் பத்மநாதனின் கடை. போன கிழமை அதன் வாசலில் குனிந்து உள்ளே வந்தவன்தான் ஷிவ்கோ. சேர்பியாவில் பதினொரு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்துக்காரனாம். அதற்குச் சாட்சி இந்த ஒரே ரேப். இங்கே ஒரு கழகம் அவனைப் பயிற்சியாளராக எடுக்க யோசிக்கிறது. ரேப்பைப் பார்த்த பிறகுதான் முடிவாம்.

உங்கள் மெசின் ரேப்பைக் கடித்துவிடுமா என்று அவன் மூன்று தரம் கேட்டான். ஒன்றும் ஆகாது என்று பத்மநாதன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஏனோ அவன் முகம் தெளியவில்லை.

போன வருடம் அஜக்ஸ் நகரத்து அல்பேட்டின் கலியாண ரேப்பை இதே கடை அழித்ததில், தாலி கட்டியதற்கே அத்தாட்சி இல்லாமல் போய்விட்டது. அல்பேட் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நல்ல காலம், அந்தக் கதை தமிழரைத் தாண்டியிராது என்று பத்மநாதன் நம்பியிருந்தார்.

ஷிவ்கோ வந்த அன்றே அவர் அவனுடைய ரேப்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். ஓடி ஆடியவர்களில் ஷிவ்கோ யாரென்று பிடிபடவில்லை. நெட்டையர் எல்லாரும் ஒரே மாதிரித்தான் என்று விட்டுவிட்டார். இன்று ஒரு பிறந்தநாள் வீட்டுக்காகக் கார்ட்டூன் பிரதி எடுத்தபோது, வெறும் ரேப் என்று நினைத்து ஷிவ்கோவினதையே செருகி அதன்மேல் பதிந்துவிட்டார்.

"மெசினிலை பழியைப் போடுங்கோ," என்றாள் யோகமலர்.

"ஒருத்தன்ரை வாழ்க்கையை அழிச்சுப்போட்டுப் பொய்யும் சொல்லுறதே?"

மாலையில் ஷிவ்கோ வந்தான். பத்மநாதன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்தார். அடி விழும் என்றே நினைத்தார்.

கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஷிவ்கோ கேட்டான். ஒரு நிமிடம்கூட இல்லை என்றார். அவன் அவரை அப்படியே தூக்கிக் கட்டிப்பிடித்தான். பிறகு, ரேப் அழிந்தது கடையின் தவறு என்று முத்திரை குத்தி ஒரு கடிதம் கேட்டான்.

பத்மநாதன் எழுதிக்கொடுத்தார். கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்த பிறகுதான் ஷிவ்கோ வாயைத் திறந்தான். பதினொரு வருடமும் அவன் மைதானத்து ஓரத்தில் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் உட்கார்ந்து கைதட்டியதுதானாம். அந்த ரேப்பைக் கழகத்தார் பார்த்திருந்தால் வேலை கிடைத்திராதாம். தானே அழித்தால் யாரும் நம்பமாட்டார்களாம்.

ரொறன்ரோவில் எத்தனையோ கடை இருக்க, இங்கே எப்படி வந்தாய் என்று பத்மநாதன் ஈனக்குரலில் கேட்டார்.

"அல்பேட் என்னோடுதான் வேலை செய்கிறான்."